புண்பட்ட ஆத்துமாவைத் தேடி வாருங்கள்: தமிழகத் திருச்சபைகளின் ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பும் கனமும் பொருந்திய ஆயர்களே,

சேகரகுரு என்றும், பங்குத் தந்தை என்றும், சபைகுரு என்றும், போதகர் என்றும் அவரவர் மரபுக்கேற்ப நாங்கள் உங்களை வெவ்வேறு பெயர்களால் அழைத்தாலும், உங்கள் சிரசின்மேல் கைகள் வைக்கப்பட்ட அந்நாளில் உங்கள் அனைவரிடத்திலும் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு ஒன்றுதான். அப்பொறுப்பின் நெஞ்சாக விளங்குகின்ற ஒரு காரியத்தைக் குறித்து உங்களிடம் நேரிலே பேச வேண்டும் என்னும் தாகத்தால் இம்மடலை எழுதுகின்றேன். புண்பட்ட ஆத்துமாவுக்குச் சிகிச்சை செய்தலே அக்காரியம். அது எங்கள் சபைகளில் நாளுக்கு நாள் மெலிந்து வருகின்றது என்பது என் முறையீடு. அதை மீண்டும் உங்கள் ஊழியத்தின் நடுவிலே நிறுத்துங்கள் என்பது என் விண்ணப்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரசங்க பீடத்தினின்று எங்களை நோக்குகின்றீர்கள். வெளுத்த ஆடையும், கையில் வேத புத்தகமும், வாயில் பாமாலையுமாக நிற்கும் எங்களைப் பார்க்கும்போது, மந்தை சுகமாயிருக்கின்றது என்றே உங்களுக்குத் தோன்றக்கூடும். ஆனால் மூன்றாம் வரிசையில் நிற்பவர், வட்டிக்கு வாங்கிய பணத்தைத் திருப்ப வழியறியாமல் இராத்திரிகளைத் தூக்கமின்றிக் கழிப்பவர். பெண்கள் பக்கத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பவள், பிள்ளையில்லாத குறையைக் கல்யாண வீடுதோறும் விசாரிக்கப்பட்டுக் கூசிப்போனவள். மனைவியைப் பறிகொடுத்த நாள் முதலாக ஜெபிக்க இயலவில்லை என்பதை எவரிடமும் சொல்லத் துணியாத முதியவர் ஒருவரும், தேர்வில் தோற்றதனால் பெற்றோர் முகத்தை நோக்கவே அஞ்சுகின்ற மாணவன் ஒருவனும் அவர்களுக்குப் பின்னால் நிற்கின்றார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எங்கள் கைகளைப் பற்றி, 'சுகமா?' என்று கேட்கின்றீர்கள். வரிசை நீளமாயிருப்பதால், 'சுகம்' என்று சொல்லி நாங்கள் நகர்ந்து விடுகின்றோம். வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் ஒரே விசாரணை இதுவாகவே முடிந்து போகின்றது.

உங்கள் பொழுதை எவை விழுங்குகின்றன என்பதை அறியாமல் நான் குறை கூறவில்லை. பள்ளிக்கூடங்களின் தாளாளர் பொறுப்பு, கட்டட நிதிக் கணக்கு, சேகரக் கமிட்டித் தேர்தல், நிலவழக்கு, விவாகப் பதிவேடு, ஸ்தோத்திரப் பண்டிகை ஏற்பாடு, அசன விருந்து, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை என்று வரிசையாக வந்து உங்கள் மேஜையை நிறைக்கின்ற அலுவல்களுள் பெரும்பாலானவற்றைச் சுமத்தியவர்கள் சபையாராகிய நாங்களே. கோபுரம் உயர்ந்ததா, தரைக்குச் சலவைக்கல் பதிந்ததா, காணிக்கை சென்ற ஆண்டினும் கூடியதா என்று கேட்டே உங்கள் ஊழியத்தை அளந்து பழகிவிட்டோம். ஆனபோதிலும், கணக்கை எழுத வேறொருவர் கிடைப்பார். வழக்கை நடத்த வக்கீல் கிடைப்பார். உடைந்த ஒருவனுடைய வீட்டு வாசலில், ஆண்டவரின் பெயரால் வந்து நிற்பதற்கு உங்களையன்றி எங்களுக்கு யார் உண்டு? இக்கேள்வியை வைத்துக்கொண்டு உங்கள் வாரத்தின் ஏழு நாட்களையும் ஒருமுறை மீளப் பார்க்கும்படி வேண்டுகின்றேன்.

வீடு சந்திப்பு இன்னும் நடக்கின்றதே என்று நீங்கள் சொல்லலாம். நடக்கின்றது, எவ்வாறு நடக்கின்றது என்பதே என் துக்கம். ஒரு மாலையில் பதினைந்து வீடுகளை முடிக்க வேண்டும் என்னும் திட்டத்தோடு, கமிட்டி அங்கத்தினர் இருவர் பின்தொடர வருகின்றீர்கள். ஒரு சங்கீதத்தை வாசிக்கின்றீர்கள். பொதுவானதொரு ஜெபத்தை ஏறெடுக்கின்றீர்கள். சங்கத் தொகை பாக்கியிருந்தால் அதுவும் நினைவூட்டப்படுகின்றது. காப்பித் தம்ளர் காலியாகும் முன்னே அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து காத்து நிற்கின்றார். பத்து நிமிஷத்துக்குள் எந்த மனிதன் தன் மனத்தைத் திறப்பான்? கமிட்டியார் இருவர் முன்னிலையில் எந்த மனைவி தன் புருஷனுடைய குடியைப்பற்றிப் பேசுவாள்? மேலே ஆறியதுபோல் தோல் மூடி உள்ளே சீழ் கட்டிய புண்ணை, மேலாகத் தடவிய களிம்பு குணமாக்காது. மெல்லத் திறந்து உள்ளிருப்பதை வெளிவரச் செய்யும் பொறுமையுள்ள கையே அதற்கு வேண்டும்.

இப்படிப்பட்ட சிகிச்சை புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட மனோதத்துவ முறை என்று எண்ணி எவரேனும் ஒதுங்குவாராயின், திருச்சபையின் பழைய ஏடுகளைப் புரட்டும்படி அவரைக் கேட்டுக்கொள்வேன். கப்பதோக்கியா நாட்டு நசியான்சு நகரத்துக் கிரெகோரியார், தம் தந்தையாகிய பேராயரால் வற்புறுத்திக் குருப்பட்டம் அளிக்கப்பட்டபோது, அதன் பாரத்துக்கு அஞ்சி ஊரைவிட்டே ஓடிப்போனார். 362ஆம் ஆண்டில் திரும்பி வந்து, தாம் ஓடியதன் காரணத்தை விளக்கி ஒரு நீண்ட உரையை வரைந்தார். சரீர வைத்தியத்தைக் காட்டிலும் ஆத்தும வைத்தியம் அரிது என்பதும், ஏனெனில் இங்கே நோயாளியே தன் நோயை மறைக்கின்றான், மருந்தை எதிர்த்துப் போராடுகின்றான் என்பதும் அவர் கண்ட நியாயங்கள். ரோமாபுரியில் 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த மகா கிரெகோரியாரோ, ஆயர்களுக்கென்று எழுதிய நூலில், மனிதரை முப்பதுக்கும் மேற்பட்ட இணைகளாகப் பகுத்து, களித்திருப்பவருக்குச் சொல்வதைத் துயருற்றவருக்குச் சொல்லாதே, செல்வருக்குரிய எச்சரிப்பை வறியவர்மேல் சுமத்தாதே, மௌனிகளையும் வாயாடிகளையும் ஒரே வகையாக நடத்தாதே என்று விரித்துரைக்கின்றார். ஒருவனைக் குணமாக்கும் வார்த்தையே மற்றொருவனைக் கொன்றுவிடக்கூடும் என்பதை அவ்வளவு முற்காலத்திலேயே உணர்ந்திருந்த ஒரு திருச்சபையில், எல்லா வீட்டிலும் ஒரே ஜெபத்தைச் சொல்லி நகர்வது எங்ஙனம் தகும்?

சீர்திருத்த காலத்தவரும் இதே வழியில் நின்றவர்களே. ஸ்திராஸ்பூர்க்கு நகரத்து மார்ட்டின் பூசர் 1538இல் ஆத்தும பராமரிப்பைப்பற்றி எழுதிய நூலை, எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 34ஆம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு அமைத்தார். காணாமற்போனதைத் தேடுதல், சிதறியதைத் திருப்பிக் கொணர்தல், காயப்பட்டதைக் கட்டுதல், பெலவீனமானதைத் திடப்படுத்துதல், சுகமாயிருப்பதைக் காத்தல் என்பவையே ஆயனுடைய ஐந்து தொழில்கள் என்றார். இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் என்னும் ஊரில் குருவாயிருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், 800க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்ட தம் சேகரம் முழுவதையும் ஓராண்டுக்குள் சந்தித்து முடிக்கும்படி, வாரந்தோறும் திங்களையும் செவ்வாயையும் அதற்கென்றே ஒதுக்கி வைத்து, தம் உதவிக்குருவோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு குடும்பம் குடும்பமாகப் பேசினார். பத்தாண்டுப் பிரசங்கம் செய்யாததை அரைமணி நேரத் தனிப்பேச்சு செய்ததைத் தாம் கண்டதாக, 1656இல் வெளிவந்த தம் நூலில் அவர் சாட்சி கூறுகின்றார். பிரசங்கத்தில் மிகுந்த புகழ் பெற்ற ஒருவரே இங்ஙனம் கூறினார் என்பதை நீங்கள் சிந்திக்க வேண்டும்.

இவர்கள் எல்லாருக்கும் முந்திய முன்மாதிரியை வேதமே நம்முன் வைத்திருக்கின்றது. கர்மேல் பர்வதத்தில் வெற்றி கண்ட எலியா, விரைவிலேயே வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் வீழ்ந்து, சாவை வேண்டிக்கொண்டான். ஆண்டவர் அவனுக்கு அனுப்பிய தூதன் அவனைக் கண்டித்தானா? விசுவாசக் குறைவைப்பற்றிப் பிரசங்கித்தானா? தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் அவன் தலைமாட்டில் வைத்து, தட்டி எழுப்பி உண்ணச் செய்தான். மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் எழுப்பினான். ஓரேபிலே ஆண்டவருடைய முதல் வார்த்தை ஒரு கேள்வியாகவே வந்தது. எலியா தன் மனக்குறை முழுவதையும் கொட்டினான். அதே கேள்வி இரண்டாம் முறை கேட்கப்பட்டபோதும் அதே குறையைச் சொன்னான். அதற்காக அவன் தள்ளப்படவில்லை. அதன் பின்னரே அவனுக்கு வேலை கொடுக்கப்பட்டது. எலிசா என்னும் துணை கொடுக்கப்பட்டது. நீ ஒருவன் மாத்திரம் மீந்திருக்கவில்லை என்னும் செய்தியும் கொடுக்கப்பட்டது. உணவு, உறக்கம், கேள்வி, செவிசாய்த்தல், துணை என்னும் இந்த ஒழுங்கில் உபதேசம் எவ்வளவு பிந்தி வருகின்றது என்பதைக் கவனியுங்கள். யோபின் சிநேகிதரோ ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தபோது நல்ல ஆயர்களாயிருந்தார்கள். வாயைத் திறந்து, உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம் என்று வாதிக்கத் தொடங்கிய கணத்திலிருந்து வேதனையைக் கூட்டுகின்றவர்களாக மாறினார்கள்.

இனி, சொல்லக் கடினமான மூன்று காரியங்களைச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலாவது, அந்தரங்கம். 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், பாவ அறிக்கை கேட்கும் குரு, காயத்தின்மேல் திராட்சரசமும் எண்ணெயும் வார்க்கின்ற தேர்ந்த வைத்தியனைப்போல், குற்றத்தின் சூழ்நிலையை விவேகத்தோடு விசாரிக்கக் கடவன் என்று விதித்த அதே சட்டத்தில், கேட்டதை வெளியிடுகின்ற குரு பதவியினின்று நீக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் மடத்தில் தவத்திற்கு உட்படுத்தப்படுவான் என்றும் விதித்தது. சிகிச்சையும் இரகசியமும் அச்சட்டத்தில் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டிருந்தன. நம் சபைகளிலோ, சனிக்கிழமை கண்ணீரோடு சொன்ன குடும்ப விஷயம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், பெயரை மாத்திரம் விட்டு, உதாரணமாக வந்து நிற்பதுண்டு. ஜெபக் குறிப்பு என்னும் போர்வையில் ஊர் முழுவதும் பரவுவதுமுண்டு. ஒருமுறை அப்படி நேர்ந்தால், அந்தக் குடும்பம் மாத்திரமல்ல, அதைக் கேட்டிருந்த நூறு குடும்பங்களும் வாயை மூடிக்கொள்கின்றன.

இரண்டாவது, மருத்துவம். மனச்சோர்வையும் சித்தப் பிரமையையும் பிசாசின் பிடியென்று ஒரே மூச்சில் தீர்மானித்து, உபவாசக் கூட்டங்களுக்கு இழுத்துச் செல்வதும், மருந்துண்பது அவிசுவாசம் என்று மேடையில் அறிவிப்பதும், குணமாகாதவனை நோக்கி உன்னிடத்தில் விசுவாசம் போதவில்லை என்று கூறி அவன் பாரத்தோடு இன்னொரு பாரத்தைச் சேர்ப்பதும் இன்றைக்கும் நடக்கின்றன. பவுல் அப்போஸ்தலன், தம் குமாரனைப்போல் நேசித்த தீமோத்தேயு என்னும் ஆயனுக்கு வயிற்று நோய் கண்டபோது, சிறிது திராட்சரசம் உட்கொள்ளும்படி எழுதினாரேயன்றி, விசுவாசத்தில் குறைவுபட்டாய் என்று எழுதவில்லை. வைத்தியனாகிய லூக்காவைப் பிரியமானவன் என்றே அழைத்தார். அமெரிக்காவில் ஆண்டன் பாய்சன் என்னும் குருவானவர், 1920இல் தாமே கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். சுகமடைந்த பின் உஸ்டர் நகரத்து அரசாங்க மனநோய் மருத்துவமனையின் ஆன்மிகப் பணியாளராக அமர்ந்து, 1925 முதல் இறையியல் மாணவர்களை நோயாளிகளின் படுக்கையண்டையில் அமர்த்திப் பயிற்றுவித்தார். ஏட்டைப் படிப்பதுபோலவே துன்புறும் மனிதனையும் மரியாதையோடு படிக்க வேண்டும் என்பது அவருடைய போதனை. நம் நாட்டிலேயே, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய வேலூர்ப் பணியின் கிளையாக 1957இல் பாகாயத்தில் எழுந்த மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் நல்வழக்கத்தை வளர்த்தது. மருத்துவரும் ஆயரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இவ்வளவு அருகில் சாட்சி இருக்கையில், நீங்கள் ஏன் மருத்துவரைப் போட்டியாளராக எண்ண வேண்டும்?

மூன்றாவது, தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களின் குடும்பங்கள். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெப புத்தகம் அப்படிப்பட்டவர்களுக்கு அடக்க ஆராதனையை மறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் மறுத்தது. அம்மறுப்பு 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெறவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே கருதி, தண்டனையினின்று விலக்கிப் பராமரிப்பை அளிக்கும் கடமையை அரசாங்கத்தின்மேல் வைத்தது. சட்டங்கள் இளகிவிட்டன, நம் கிராமங்களின் மனம் இன்னும் இளகவில்லை. கோவில் மணி ஒலிக்கலாமா, கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலையில் இடம் கொடுக்கலாம் என்று வெளியே தர்க்கம் நடக்கையில், உள்ளே பிணத்தருகே உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அத்தர்க்கத்தின் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கின்றது. இலண்டனில் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்க குருவானவர், தாம் இளங்குருவாயிருந்த காலத்தில், அறியாமையால் அஞ்சித் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியை அடக்கம் செய்ய நேர்ந்த துயரத்தை மறவாமல், 1953இல் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் என்னை அழையுங்கள் என்று அறிவித்தார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த சாதாரணத் தொண்டர்களிடமே பலர் மனம் திறந்து ஆறுதல் பெற்றதைக் கண்டு, அப்பணியையே அத்தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரியர் என்னும் அவ்வியக்கத்தைப் போலவே, செவிகொடுத்துக் கேட்கும் தொண்டர்களைக்கொண்டு சென்னையில் 1986இல் 'சிநேகா' தோன்றியது. ஒரு குருவானவரின் மனவேதனையிலிருந்து உலகுக்குப் பிறந்த அந்த ஊழியம், குருமாருடைய சொந்தச் சேகரங்களில் அந்நியமாய் இருத்தல் ஆகாது.

உங்களுக்காகவும் நான் பேச வேண்டும். எங்கள் துக்கங்களையெல்லாம் கேட்கும் உங்கள் துக்கத்தைக் கேட்பவர் யார்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகி, புதிய ஊரில் புதிய கட்சிகளுக்கு நடுவே, சம்பளமும் மரியாதையும் கமிட்டியாரின் முகக்குறிப்பைப் பொறுத்திருக்க வாழ்கின்ற உங்களுக்கும், எங்கள் பெண்களெல்லாம் தேடிவரும் ஐயரம்மாமாருக்கும் சோர்வு இல்லையென்று எவர் சொல்வார்? சூரைச்செடியின் கீழ் வீழ்ந்தவன் சாதாரண இஸ்ரவேலன் அல்லன், ஊழியக்காரனே. ஆகையால் உங்களுக்கும் ஒரு ஆயர் வேண்டும். உங்களினும் மூத்த ஒருவரிடம் சென்று உங்கள் பாரத்தை இறக்கி வைக்க வெட்கப்படாதீர்கள். தன் காயத்துக்கு மருந்திட இடங்கொடுத்தவனே பிறர் காயத்தை நோகாமல் தொட அறிவான்.

இவ்வளவும் சொன்ன பின் என் விண்ணப்பத்தைத் தெளிவாக முன்வைக்கின்றேன். வாரத்தில் இரண்டு மாலைகளை ஆத்தும விசாரணைக்கென்று பிரித்துவிடுங்கள். அம்மாலைகளில் கமிட்டியும் கணக்கும் உங்களை அணுகாதிருக்கட்டும். ஒரு மாலைக்கு இரண்டு வீடுகள் போதும். தனியே வாருங்கள், அல்லது அவ்வீட்டார் நம்பும் ஒருவரை மாத்திரம் அழைத்து வாருங்கள். சங்கத் தொகைப் புத்தகத்தை வீட்டிலே வைத்துவிட்டு வாருங்கள். முதலில் எங்களைப் பேசவிடுங்கள். நாங்கள் பேசி முடித்த பின், எங்கள் துயரத்துக்கு ஏற்ற வேதவாக்கியத்தை வாசித்து, எங்கள் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள். கேட்டதைக் கல்லறைவரை காத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மனநல மருத்துவர் ஒருவரையேனும் அறிமுகம் செய்துகொண்டு, அவரிடம் அனுப்ப வேண்டியவரை அனுப்பி, அனுப்பிய பின்னும் கைவிடாதிருங்கள். முற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் உபதேசியார்களும் வேதாகம ஸ்திரீகளும் வீடு வீடாகச் சென்று பெண்களின் கண்ணீரைத் துடைத்ததுபோல, சபையில் பொறுமையும் நாவடக்கமும் உள்ள ஆண்களையும் பெண்களையும் தெரிந்தெடுத்து, செவிகொடுக்கும் கலையில் அவர்களைப் பயிற்றுவியுங்கள். தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் வீட்டுக்கு முதலாவதாகச் செல்பவர் நீங்களாக இருங்கள். அடக்கத்தின் பின்னும், நாற்பதாம் நாளிலும், ஆண்டு நினைவிலும் மறவாமல் செல்லுங்கள்.

எங்கள் பங்கை நாங்கள் செய்வோம். கணக்கெழுதவும், கட்டடம் பார்க்கவும், பள்ளி நிர்வாகத்தைச் சுமக்கவும் சபையில் தகுதியுள்ளவர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் அவற்றை ஒப்படையுங்கள் என்று அடுத்த சேகரக் கூட்டத்தில் நாங்களே எழுந்து பிரேரணை கொண்டுவருவோம். ஆண்டு அறிக்கையில், எவ்வளவு திரட்டினீர்கள் என்று கேட்பதற்குமுன், எத்தனை வீடுகளில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்போம். உட்கார்ந்து கேட்டதை வெளியிடும்படி ஒருநாளும் கேளோம். உங்கள் பதவிக்குரிய மற்ற எல்லாவற்றையும் எங்களோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஆத்துமாவின் காயங்களைக் கட்டுகின்ற இந்த ஒரு வேலையை மாத்திரம் பிறர் கையில் விட்டுவிடாமல், இந்த வாரத்திலேயே தொடங்கும்படி உங்களைத் தாழ்மையாய் வேண்டிக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
உங்கள் பராமரிப்பை நாடும் சபை மக்களுள் ஒருவன்